ஐடு, ஐட்டு, ஏட்டு: சேலத்துக் கற்களோடு ஆங்கில விகுதி பழகும் முறை

உரக்கடையில் கிடைக்கும் பாஸ்பேட்டு பயிருக்கு உரம். பாஸ்பைட்டு, மிளகுக் கொடியின் விரைவு வாடல் நோய்க்குத் தெளிக்கிற பூஞ்சணக்கொல்லி. பாஸ்பைடு, எலிக்கும் தானியக் கிடங்குப் பூச்சிக்கும் வைக்கிற கொடிய நஞ்சு. ஈரமோ அமிலமோ பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். மூன்றிலும் இருப்பது ஒரே பாஸ்பரஸ்தான். எது சோறு, எது மருந்து, எது நஞ்சு என்று சொல்வது கடைசி அசை.

ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் இப்படி ஒரே முடிவு கொண்ட கூட்டங்கள் பல உண்டு. அவற்றில் இந்த மூன்றையும் முதலில் பழகுவது நல்லது. பதினோராம் வகுப்பில் வேதியியல் தொடங்கும் மாணவருக்கும், கல் வியாபாரத்தில் புதிதாக இறங்குபவருக்கும், குழித்தட்டில் நாற்று விடுபவருக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும் தினமும் கண்ணில் படுபவை இவையே. அதிலும் சேலத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. ‘ஐட்டு’ விகுதிக்கு எடுத்துக்காட்டு தேடிப் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. கஞ்சமலையும் வெள்ளைக்கல் குன்றுகளும் சேர்வராயன் மலையும் அந்த விகுதியால்தான் ஆனவை.

முதலில் காதைச் சரிசெய்யுங்கள்

நம் செய்தித்தாள்களில் சல்பைட், குளோரைட், மேக்னசைட் என்று எல்லாமே ‘ட்’ என்ற புள்ளியெழுத்தில் முடிகின்றன. குழப்பம் தொடங்குவது இங்கேதான். ஆங்கிலத்தில் இரண்டு வேறு எழுத்துகள் நம் ஒரே ‘ட்’டுக்குள் அடங்கிவிடுகின்றன. எழுத்துக்கூட்டிச் சொன்னாலும் இரண்டும் ‘டி’ என்றே விழும். தொலைபேசியில் யாராவது சொல்லும்போது, “டேபிளுக்கு வர்ற டியா, நாய்க்குச் சொல்ற டாக்குக்கு வர்ற டியா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கான மருந்து தமிழிலேயே இருக்கிறது. சொல்லின் நடுவில் ஒற்றை ட வந்தால் மெலிந்து ஒலிக்கும். ட்ட என்று இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். நாடு, நாட்டு. ஓடு, ஓட்டு. இரவல் சொற்களையும் நாம் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம்: ரோடு, நோட்டு, போர்டு, கோர்ட்டு. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் புள்ளி ‘ட்’டில் எதையும் முடிக்காதீர்கள். டாக்குக்கு வரும் எழுத்தென்றால் ‘ஐடு’ (குளோரைடு, ஆக்சைடு), டேபிளுக்கு வரும் எழுத்தென்றால் ‘ஐட்டு’ (மேக்னசைட்டு, சல்பைட்டு), ஏகாரம் கேட்டால் ‘ஏட்டு’ (நைட்ரேட்டு, கார்பனேட்டு) என்று எழுதுங்கள். சந்தேகம் வந்தால் வேற்றுமை உருபு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: குளோரைடை, மேக்னசைட்டை. எது சரி என்று நாக்கு சொல்லும்.

பழகுவதற்கு நல்ல சோடி ஒன்று. ஃபுளோரைடு என்பது சேலம், தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருப்பது. பல்லில் கறை ஏற்றுவது. ஃபுளோரைட்டு என்பது ஒரு கனிமம். கையில் எடுத்துப் பார்க்கலாம். அந்தக் கனிமத்தின் வேதிப்பெயர் கால்சியம் ஃபுளோரைடு. ஐட்டு கல்லின் பெயர், ஐடு அந்தக் கல்லுக்குள் இருக்கும் சேர்மத்தின் பெயர். இந்த ஒரு சோடி மனத்தில் நின்றால் மற்றவை தானாகப் பிடிபடும்.

அடுத்து, விகுதியைக் கழற்றி மீதியைப் பாருங்கள்

‘ஐட்டு’ கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த விகுதி. இன்னதைச் சேர்ந்தது, இன்னதன் தன்மை கொண்டது என்பது அதன் பொருள். நம் ‘காரர்’ விகுதி செய்யும் வேலைக்கு மிக அருகில் வரும். பழங்காலத்தில் இரத்தம் போன்ற கல் என்ற பொருளில் ஒரு சிவப்புக் கல்லுக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். அதுவே இன்றைய ஹெமடைட்டு என்ற இரும்புத்தாது. பின்னால் வந்த கனிமவியலாளர்கள் புதிதாகக் கண்ட கல்லுக்கெல்லாம் இதே விகுதியை ஒட்டிக்கொண்டே போனார்கள்.

எனவே செய்ய வேண்டியது: சொல்லின் கடைசியிலுள்ள ‘ஐட்டு’வை விரலால் மூடுங்கள். மீதி ஓர் ஊரா, ஆளா, நிறமா, குணமா என்று கேளுங்கள். நம் ஊர்க் கற்களில் இந்த நான்கு வகையும் கிடைக்கும்.

கஞ்சமலையில் கிடைப்பது மேக்னடைட்டு. மீதி, மேக்னட், அதாவது காந்தம். குணத்தால் வந்த பெயர். சாதாரண காந்தத்தை அருகே கொண்டுபோனாலே தூள் ஒட்டும். தூய மேக்னடைட்டில் எடைக்கு 72 விழுக்காடு இரும்பு. கஞ்சமலையில் அது குவார்ட்சைட்டோடு பட்டை பட்டையாகக் கலந்திருப்பதால் பாறையில் அந்த அளவு தேறாது.

ஏற்காடு போகும் மலைப்பாதையில், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வெட்டுப்பகுதிகளில் தெரிகிற எண்ணெய்ப் பசை போன்ற மினுக்குள்ள கருநீலச் சாம்பல் பாறை சார்னக்கைட்டு. மீதி ஓர் ஆளின் பெயர். கல்கத்தாவில் கம்பெனியின் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜோப் சார்னக்கின் கல்லறைமேல் பதித்திருந்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் இந்தப் பெயரை வைத்தார். 1900-ல் அவர் எழுதிய விரிவான ஆய்வு, தென்னிந்தியாவின் இந்தப் பாறை வரிசை முழுவதையும் பற்றியது. சேர்வராயன் மலையின் உடம்பு முழுக்க இந்தக் கல்தான். ஒருவரின் கல்லறைப் பலகை ஒரு மலையின் பாறைக்கே பெயர் தந்திருக்கிறது என்று நினைவில் வைத்தால் இந்தச் சொல் மறக்காது.

அதே மலையின் உச்சிச் சமவெளிகளில், சார்னக்கைட்டு வெயிலிலும் மழையிலும் பல லட்சம் ஆண்டுகள் கரைந்து மிஞ்சிய செந்நிறப் படிவம் இருக்கிறது. இதில் இரண்டு ஐட்டுகள். பாக்சைட்டு அலுமினியத்தின் தாது. 1821-ல் பிரான்சில் லெ போ என்ற ஊரில் கண்டதால் அந்தப் பெயர். ஊரின் எழுத்துக்கூட்டலில் உள்ள கடைசி எழுத்தை பிரெஞ்சுக்காரர் உச்சரிப்பதில்லை, ஆங்கிலத்தில் உச்சரிக்கிறார்கள். அதனால்தான் ‘போ’ நமக்கு ‘பாக்ஸ்’ ஆகிவிட்டது. லேட்டரைட்டு என்ற பெயரைப் பிரான்சிஸ் புக்கானன் 1807-ல் வெளியிட்ட தம் பயண நூலில் தந்தார். லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். மண்ணுக்குள் இருக்கும்போது வெட்டியெடுக்க மென்மையாகவும் காற்றுப்பட்டால் இறுகியும் போகிற செம்புரைக்கல்லை, வீடு கட்டச் செங்கல் போலவே பயன்படுத்துவதைப் பார்த்து வைத்த பெயர் அது. ஆங்கிலத்தில் பிந்தையது என்ற பொருள்தரும் சொல்லோடு இதற்கு உறவில்லை. தேர்வு எழுதுபவர்கள் பலர் இங்கே சறுக்குகிறார்கள்.

வெள்ளைக்கல் குன்றுகளில் மேக்னசைட்டை நரம்பு நரம்பாகப் பொதிந்து வைத்திருக்கும் தாய்ப்பாறை டூனைட்டு. நியூசிலாந்தில் ‘டன்’ என்ற மலையின் பெயரால் 1859-ல் ஹாக்ஸ்டெட்டர் வைத்தது. அந்த மலைக்கு அப்பெயர் வந்தது அதன் மங்கிய பழுப்பு நிறத்தால். ஆக டூனைட்டு என்ற சொல்லில் ஊரும் நிறமும் இரண்டும் இருக்கின்றன.

இதே முறையில் நீங்களே கழற்றிப் பார்க்கச் சில: கிராஃபைட்டு (எழுது என்ற கிரேக்கச் சொல், பென்சில் கரி), லிக்னைட்டு (மரம் என்ற லத்தீன் சொல், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி), டாலமைட்டு (டாலமியூ என்ற பிரெஞ்சு ஆய்வாளர், புளித்த மண்ணைச் சரிசெய்யக் காப்பித் தோட்டங்களில் போடுவது), வெர்மிக்குலைட்டு (சிறு புழு, சூடேற்றினால் புழுப்போல நீண்டு உப்பும், குழித்தட்டு ஊடகத்தில் கலப்பது).

வெள்ளைக்கல் குடும்பத்தைத் தனியாகப் படியுங்கள்

சேலம் சந்திப்பிலிருந்து ஓமலூர்ப் பக்கம் போகும் ரயில் ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்ற நிலையத்தைத் தாண்டும். ஒரு கனிமத்தின் பெயரே ரயில் நிலையத்துக்குப் பெயர். அந்தக் குன்றுகளை வெள்ளைக்காரர்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்றார்கள். வெள்ளையாகத் தெரிந்ததால் அப்படி வைத்துவிட்டார்கள். சாக் என்பது கால்சியம் கார்பனேட்டு. இங்கே இருப்பது மெக்னீசியம் கார்பனேட்டு. ஊர்க்காரர்கள் வைத்த வெள்ளைக்கல் என்ற பெயரில் அந்தப் பிழை இல்லை.

இந்த ஒரு பொருளைச் சுற்றி மூன்று விகுதிகள் வேலை செய்கின்றன. ‘இயம்’ என்று முடியும் மெக்னீசியம் உலோகம். வெள்ளி போல் மின்னும், பற்றவைத்தால் கண்ணைக் கூசும் ஒளியோடு எரியும். ‘இயா’ என்று முடியும் மெக்னீசியா அதன் ஆக்சைடு. உலைக்குள் கட்டும் தீச்செங்கல்லுக்கான மூலப்பொருள், உருகுநிலை ஏறத்தாழ 2,800 டிகிரி செல்சியஸ். ‘ஐட்டு’ என்று முடியும் மேக்னசைட்டு, மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் கல். அலுமினியம், அலுமினா, பாக்சைட்டு என்ற வரிசையும் இதே அமைப்புதான்: உலோகம், ஆக்சைடு, தாது.

வியாபாரத்தில் புதியவர் இடறும் இடம் ஒன்று உண்டு. 100 கிலோ தூய மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் 52 கிலோ கார்பன் டையாக்சைடாகப் பறந்துவிடும். மிஞ்சுவது சுமார் 48 கிலோ. மிஞ்சியது மேக்னசைட்டு அல்ல, மெக்னீசியா. ஆனாலும் 1,500 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்டெடுத்த சரக்கைச் சந்தையில் ‘டெட் பர்ன்ட் மேக்னசைட்’ என்றே சொல்கிறார்கள். பில்லில் மேக்னசைட் என்ற சொல்லை மட்டும் பார்த்து விலை ஒப்பிட்டால் பச்சைக்கல்லையும் சுட்ட கல்லையும் ஒன்றாகக் கணக்குப் போட்டுவிடுவீர்கள். அதன் முன்னால் என்ன அடைமொழி இருக்கிறது என்று பார்த்த பிறகே அளவையும் விலையையும் படியுங்கள்.

மேக்னசைட்டு, மேக்னடைட்டு என்ற இரண்டுக்கும் நடுவில் ஓரெழுத்துத்தான் வேறு. ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. இரண்டு பெயரும் கிரேக்க நாட்டின் மெக்னீசியா என்ற பகுதியிலிருந்து கிளைத்தவை என்பதால் இந்த ஒற்றுமை.

வேதியியல் மேசையில் மூன்றும் வரிசையாக

கல்லை விட்டு ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் ‘ஐட்டு’வின் பொருள் மாறிவிடும். இங்கே அது ஆக்சிஜன் கணக்கைச் சொல்லும் விகுதி. 1787-ல் பிரான்சில் கிட்டன் டி மோர்வோ, லவாய்சியே முதலியோர் வேதிப்பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது போட்ட பாதையில்தான் இன்றும் நடக்கிறோம்.

ஆக்சிஜன் கூடுதலாக இருந்தால் ஏட்டு, குறைவாக இருந்தால் ஐட்டு, இல்லாவிட்டால் ஐடு. கந்தகத்தை எடுத்துக்கொண்டால் சல்பேட்டில் நான்கு ஆக்சிஜன் அணுக்கள், சல்பைட்டில் மூன்று, சல்பைடில் ஒன்றும் கிடையாது. நைட்ரஜனில் நைட்ரேட்டுக்கு மூன்று, நைட்ரைட்டுக்கு இரண்டு, நைட்ரைடுக்குச் சுழியம். கவனியுங்கள்: ஏட்டு என்றால் நான்கு என்று எண்ணை மனப்பாடம் செய்யக் கூடாது. அதே தனிமத்தின் இரு சேர்மங்களில் எது கூட, எது குறைவு என்பதை மட்டுமே விகுதி சொல்லும். ஐடுக்கும் விலக்கு உண்டு. ஆக்சைடு ஆக்சிஜனின் பெயரையே கொண்டது. ஹைட்ராக்சைடிலும் ஆக்சிஜன் இருக்கிறது.

இதை நேரில் பார்க்க உங்கள் கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை எடுங்கள். குளோரைடு, ஃபுளோரைடு, சல்பேட்டு, நைட்ரேட்டு என்று வரிசையாக நிற்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு தண்ணீர் கிடைக்காதபோது 1.5 வரை. நைட்ரேட்டு 45-ஐத் தாண்டக் கூடாது. சில அறிக்கைகளில் ‘நைட்ரேட் நைட்ரஜன்’ என்று, நைட்ரேட்டுக்குள் இருக்கும் நைட்ரஜனின் எடையை மட்டும் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் 45-க்குச் சமம் சுமார் 10. தலைப்பைப் படிக்காமல் 20 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்தவர், வரம்பைப் போல இரண்டு மடங்கு உள்ள தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கக்கூடும். கைக்குழந்தையின் உடம்புக்குள் நைட்ரேட்டு நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் வலுவைக் குறைக்கும். ஓர் ஆக்சிஜன் குறைந்ததால் வரும் வினை அது.

உணவு லேபிளில் தேட வேண்டியது ஐட்டு. ஆரஞ்சு ஸ்குவாஷ் பாட்டிலில் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டு, அல்லது 224 என்ற எண் இருக்கும். அது கெடாமல் காக்கும் பொருள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது; அதனால் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சல்பைட்டு என்று லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. சல்பேட்டுக்கு அந்த எச்சரிக்கை தேவையில்லை. காப்பித் தோட்டத்தில் இலைத்துரு நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் உள்ள மயில்துத்தம் காப்பர் சல்பேட்டு; இதைத் தெரிந்துகொண்டால் சல்பேட்டு, சல்பைட்டு என்ற இரண்டையும் தோட்டத்திலும் அடுப்படியிலும் பிரித்து நினைவில் வைக்கலாம்.

மாம்பழப் பருவத்தில் ‘கார்பைட் கல்’ என்ற பேச்சு அடிபடும். அது கார்பைடு. கால்சியம் கார்பைடு ஈரம் பட்டு விடும் அசிட்டிலின் வாயுவால் காய் பழுக்கிறது. அப்படிப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. கால்சியம் கார்பனேட்டோ வெறும் சுண்ணாம்புக்கல். சத்து மாத்திரை அட்டையில் கால்சியம் கார்பனேட்டு என்று பார்த்துப் பதறிப்போகிறவர்களுக்கு இந்த விகுதி வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரே ஒலி, இரண்டு பொருள்

இங்கே அகராதி மட்டும் போதாது. எந்தத் துறையில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். குளோரைட்டு என்று கனிமவியலாளர் சொன்னால் பச்சை நிறக் கனிமம். பச்சை என்ற கிரேக்கச் சொல்லால் வந்தது, அதில் குளோரின் இருக்க வேண்டியதில்லை. வேதியியலாளர் சொன்னால் குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு. தண்ணீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரில் இருப்பது அதற்கும் ஓர் ஆக்சிஜன் குறைந்தது, ஆகவே ‘ஹைப்போ’ என்ற முன்னொட்டோடு ஹைப்போகுளோரைட்டு.

பெர்லைட்டு இன்னும் தொல்லை. நாற்றங்காலில் கலக்கும் வெள்ளைப் பொரி போன்ற பெர்லைட்டு ஒரு எரிமலைக் கண்ணாடி. எஃகு ஆய்வகத்தில் சொல்லும் பெர்லைட்டு எஃகின் உள் அமைப்பு ஒன்று. ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு, ஒலி ஒன்று. இரண்டுக்கும் பின்னால் முத்து நிற்கிறது.

எஃகைத் தொட்டதால், சேலம் உருக்காலை உள்ள ஊரில் இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். ஃபெர்ரைட்டு, ஆஸ்டினைட்டு, மார்ட்டென்சைட்டு. இவை கற்கள் அல்ல, எஃகுக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் முறைகள். பின்னிரண்டும் ராபர்ட்ஸ் ஆஸ்டின், அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற இரு ஆய்வாளர்களின் பெயர்கள். 304 என்ற வகை எவர்சில்வர் ஆஸ்டினைட்டு அமைப்பு; காந்தம் ஒட்டாது. 430 ஃபெர்ரைட்டு, ஒட்டும். ஆழமாக அழுத்தி எடுத்த 304 பாத்திரத்தின் வளைவில் லேசாகக் காந்தம் இழுத்தால் போலிச் சரக்கு என்று முடிவுகட்டாதீர்கள். அழுத்தும்போது அந்த இடத்தில் கொஞ்சம் ஆஸ்டினைட்டு மார்ட்டென்சைட்டாக மாறியிருக்கும். அடிப்பாகத்தின் தட்டையான நடுவில் காந்தத்தை வைத்துச் சோதியுங்கள்.

வேடம் போட்டவை

சில சொற்களில் ஐட்டு ஒலி இருக்கும், விகுதி இருக்காது. டெர்மைட்டு (கரையான்), பாராசைட்டு (ஒட்டுண்ணி), சாட்டிலைட்டு (துணைக்கோள்), அப்பட்டைட்டு (பசி). விகுதியை மூடிப் பார்த்தால் மீதியில் பொருள் தேறாது, அதுவே சோதனை. கிரானைட்டும் இந்தக் கனிம விகுதியால் பிறந்ததல்ல. மணிமணியானது என்ற இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. ஆங்கிலத்தில் அதை ‘கிரானிட்’ என்று உச்சரிப்பதும் அதனால் ஒரு நல்ல அடையாளம். நம் பக்கம் மெருகேற்றும் கெட்டிப்பாறை எல்லாவற்றையும் கிரானைட் என்றே விற்கிறார்கள். அப்படி விற்கும் கல்லில் சார்னக்கைட்டும் இருக்கும். ஆகவே கடைப்பெயரைக் கொண்டு பாறையின் இனத்தைத் தீர்மானிக்க முடியாது.

தொழிற்சாலைப் பொருள்களுக்கும் இதே விகுதியை ஒட்டினார்கள். ஆல்ஃபிரட் நோபல் 1867-ல் காப்புரிமை பெற்ற டைனமைட்டு, ஆற்றல் என்ற கிரேக்கச் சொல்லோடு. பழைய சுவிட்சுகளின் பேக்கலைட்டு, பேக்லண்ட் என்பவர் பெயரோடு. மனிதருக்கும் ஒட்டும்: டெல்லிக்காரரை ஆங்கிலப் பத்திரிகை டெல்லியைட்டு என்கிறது. நோய்ப்பெயர்களின் ‘ஐட்டிஸ்’ கூட இதன் பெண்பால் வடிவம்தான். ஆர்த்ரைட்டிஸ் என்பது மூட்டைச் சேர்ந்த நோய். நாளடைவில் அது அழற்சியை மட்டும் குறிக்கத் தொடங்கியது.

குறிப்பேடு போடும் முறை

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: முழுச்சொல், விகுதி, மீதி, துறை. நான்காவதை விட்டுவிடாதீர்கள், குளோரைட்டில் பார்த்தபடி, துறை தெரியாமல் பொருள் நிற்காது. நாளுக்கு ஐந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். அவற்றை அகராதியிலிருந்து எடுக்காமல், கையில் தொடும் பொருளின் லேபிளிலிருந்து எடுங்கள்: உரமூட்டை, மருந்து அட்டை, தண்ணீர் அறிக்கை, பற்பசைக் குழாய், கல் வாங்கிய பில். ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது கட்டத்தைக் காகிதத்தால் மறைத்து, மீதி என்னவென்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பூச்சிமருந்து, எலிமருந்து லேபிள்களைப் பொறுத்தவரை ஒரு கூடுதல் வேலை. பெயரைத் தமிழில் எழுதியபின், ஆங்கில லேபிளின் கடைசி மூன்று எழுத்துகளையும் பார்த்து அப்படியே பக்கத்தில் வரைந்துகொள்ளுங்கள். அங்கே டுவும் ட்டுவும் மாறிப்போகக் கூடாது. கடையில் வாங்கும்போதும் வாயால் பெயர் சொல்லிக் கேட்காமல், எழுதிய சீட்டை நீட்டுங்கள்.